கம்ப்ரசரைக் கட்டிப்போட்டவர்

பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் "மூக்கில்லாதவர்" என்று பெயர். முகத்தில் நல்ல பெரிய மூக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டில், மின்சாரம் போய், பிரிட்ஜுக்குள் இறைச்சி ஊறிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நிற்பார்கள். இவர் உள்ளே போய்க் கதவைத் திறந்து, தலையை விட்டுப் பார்த்து, "தெர்மோஸ்டாட் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவர்கள் கொடுத்த டீயை நிதானமாகக் குடிப்பார். பிரிட்ஜின் பின்பக்கம், அடியில், தண்ணீர் சொட்டி நிறைகிற தட்டு ஒன்று உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் என்னென்ன மிதக்கும் என்று இங்கே எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். இருபத்தாறு வருஷம் அந்தத் தட்டுகளை வெறுங்கையால் கழுவியவர் அவர்.

"அருவருப்பெல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்களுக்கு வர்ற வியாதி" என்பார்.

அந்த மனிதருக்கு வெள்ளத்துக்குப் பிறகு அருவருப்பு வந்தது. சாதாரணமாக வரவில்லை, இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை பார்த்தாள். பிரேமில் அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தால் கையில் வாங்கும்போதே சொல்லிவிடுவாள். சுவரில் தொங்கும் காலண்டர் சாய்ந்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இவ்வளவு கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு புருஷன் விஷயத்தில் மட்டும் அதை மூடியே வைத்திருந்தாள். அவர் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று அவள் நம்பினாள். வெள்ளம் வந்த நாள் வரைக்கும் அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது.

நாய் அவளுடையது. வீட்டின் முன்னறைதான் அவருக்கு ஒர்க்ஷாப். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பிரிட்ஜின் பின்னால், சூட்டுக்காக ஒண்டிக் கிடந்த குட்டியை அவள்தான் பார்த்தாள். தூக்கும்போது அது வயிற்றுக்குள்ளிருந்து உறுமியது. கொஞ்ச நேரம் உறுமும், உடம்பு ஒரு தடவை சிலிர்க்கும், சட்டென்று நின்றுவிடும். "ஐயோ, அப்படியே உங்க பிரிட்ஜ் கம்ப்ரசர்தாங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுவே பெயராகிவிட்டது. வளர்ந்தபின் ஒன்பது கிலோ இருந்தது. காது ஒன்று நிற்கும், ஒன்று விழும். அழகில்லை, ஜாதியில்லை, திருடனைப் பார்த்தால் வாலாட்டும். தனக்கு நாய் மேல் பெரிய பாசமெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொள்வார். ஆனால் அதற்குக் கழுத்துப்பட்டை செய்து போட்டவர் அவர்தான். பிரிட்ஜ் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் கேஸ்கெட்டில், உள்ளே காந்தப்பட்டை வைத்திருப்பார்கள். அதனால்தான் கதவு ஒட்டிக்கொள்கிறது. இளம்பச்சை நிறத்தில் ஒரு பழைய கேஸ்கெட்டை வெட்டி, இரண்டு முனைகளையும் செம்புக் கம்பியால் ஐந்து சுற்றுச் சுற்றி முறுக்கி மாட்டிவிட்டார். நாய் இரும்பு கேட்டின் ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்தால் கழுத்து லேசாக ஒட்டிக்கொள்ளும். அது திடுக்கிட்டு கேட்டைப் பார்த்து உறுமும். தெருவே சிரிக்கும்.

வெள்ளம் ஒரு காலை நேரத்தில் வந்தது. எட்டு மணிக்கு வாசல்படி, ஒன்பது மணிக்கு முழங்கால், பத்து மணிக்கு மேஜை. முன்னறையில் நின்றுகொண்டிருந்த ஏழு பிரிட்ஜுகளும் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன. பதினோரு மணிக்குத் தீயணைப்புத் துறையின் படகு ஜன்னலோரம் வந்து நின்றது.

"சீக்கிரம், சீக்கிரம். ஆளுக்கு ஒரு சாமான்தான். நாய், பூனையெல்லாம் கூடாது" என்றார் படகுக்காரர்.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க. மடியில வெச்சுக்கிறேன்" என்று மனைவி கெஞ்சினாள்.

"போன தடவை ஒரு நாய் குதிச்சுப் படகே கவுந்துச்சும்மா. உயிரோட விளையாட முடியாது. தண்ணி வடிஞ்சிடும், சாயங்காலமே வந்து கூட்டிக்குங்க."

படகில் ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். போர்வையில் சுற்றி மடியில் கிடத்தியிருந்தது அவருடைய டி.வி. அதன் தலையில் மழை படாமல் குடை வேறு. அந்த டி.வி.க்காரருக்கும் மெக்கானிக்குக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். அதைத் தாண்டி வந்து இவர்கள் கொடியில் தன் துணியைக் காயப்போடுவார், கேட்டால் பல்லைக் காட்டுவார்.

மனைவியைப் படகில் ஏற்றிவிட்டு, "நான் போய் அதை மாடியில விட்டுட்டு வரேன்" என்று மெக்கானிக் நாயைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மாடியில் இறக்கி விட்டதுமே அது படியை நோக்கி ஓடியது. பிடித்து இழுத்து வந்தார். மறுபடியும் ஓடியது. விட்டால் படகின் பின்னாலேயே குதிக்கும், நீரோட்டத்தில் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் தப்பில்லை. கீழிருந்து படகுக்காரர் கத்தினார். தோளில் பிரிட்ஜ் கட்டுகிற நைலான் கயிறு கிடந்தது. தண்ணீர்த்தொட்டியின் இரும்புக் குழாயில் ஒரு முனை, நாயின் கழுத்துப்பட்டைக்கு மேலே ஒரு முனை. இரண்டு சுற்று, ஒரு மடக்கு, ஓர் இழுப்பு. ஈரம் பட்டால் இன்னும் இறுகுகிற முடிச்சு. கை தானாகக் கட்டியது. இருபத்தாறு வருஷமாக லாரிகளில் பிரிட்ஜ் கட்டிய கை. சரக்குக்குக் கட்டும்போது கயிற்றில் தளர்வு விடக்கூடாது, விட்டால் சரக்கு ஆடும். அவர் தளர்வு விடவில்லை. ஒரு முழத்துக்கும் குறைவு. நாயால் உட்கார முடியும், நிற்க முடியும். பக்கத்தில் இருந்த தொட்டியின் மேல் ஏற முடியாது.

கீழே வந்து, பிரிட்ஜ் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சுகிற தன் வாக்குவம் பம்பைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். பதினோரு கிலோ. படகுக்காரர் அதை ஒன்றும் சொல்லவில்லை; அது குதிக்காதே.

"கட்டிப்போடலையே?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லல்ல. அவுத்துதான் விட்டிருக்கேன். பிஸ்கட் போட்டிருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. சாயங்காலம் வந்து அவிழ்த்துவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. ஆனால் அன்று சாயங்காலம் தண்ணீர் வடியவில்லை, ஏறியது. மறுநாள் மொட்டைமாடியிலும் முழங்கால் அளவு நின்றதாக, முகாமாக்கிய பள்ளிக்கூடத்தில் அவர்களோடு தங்கியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் மெக்கானிக் எழுந்து கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் நின்றார். முந்நூறு பேருக்கு மூன்று கழிப்பறை. அங்கே அத்தனை நேரம் நிற்கக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குத் திரும்பினார்கள். தெரு முழுக்கக் கறுப்புச் சேறு. அதில் மெத்தைகள், செருப்புகள், வயிறு ஊதிய எலிகள், சாக்கடை கக்கியதெல்லாம் இருந்தன. மனைவி கேட்டிலிருந்தே "கம்ப்ரசர், கம்ப்ரசர்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்த்தாள். இவர் நேராக மாடிக்கு ஓடினார். குழாயில் முடிச்சு அப்படியே இருந்தது. கயிற்றின் மறுமுனையில் நாய் இல்லை. அந்த முனையை எடுத்துப் பார்த்தார். இழுத்து அறுந்திருந்தால் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். இது வழவழவென்று, கத்தியால் ஒரே வீச்சில் வெட்டியது. யாரோ வந்து, வெட்டி, கொண்டுபோயிருக்கிறார்கள். உயிரோடா இல்லையா என்பதைக் கயிறு சொல்லவில்லை.

அவர் செய்த அடுத்த காரியம்தான் பின்னாளில் அவர் வயிற்றைப் புரட்டியது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பி, நகம் பிய்ந்து ரத்தம் வர, அதைக் குழாயிலிருந்து பிடுங்கி மாடியின் பின்பக்கம் சேற்றில் வீசினார். தடயத்தை அழிக்கிற கொலைகாரன் இதைத்தானே செய்வான்? பிறகு கீழே இறங்கி, "மாடியில இல்லம்மா" என்றார்.

"இருக்காது. அவுத்து விட்டீங்கல்ல, நீந்திப் போயிருக்கும்" என்றாள் அவள். முகத்தில் சேறும் சிரிப்பும். "அதுக்கு நல்லா நீந்தத் தெரியும். எங்கியாவது கரையேறி இருக்கும். வந்துடும் பாருங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் வாசல்படியில் ஒரு கிண்ணத்தில் பால் வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போனாள். சாயங்காலம் வந்து, திரிந்து ஈ மொய்த்த பாலைக் கொட்டிக் கழுவினாள். தெருத்தெருவாகப் போய்ச் சுவர்களில் படம் ஒட்டினாள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். பார்க்கிற ஆளிடமெல்லாம் அவள் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. "படகு காத்துக்கிட்டு இருக்கு, தண்ணி ஏறுது, அந்த நேரத்துலயும் எங்க வீட்டுக்காரர் மாடி ஏறிப்போய் அவுத்து விட்டுட்டு வந்தார். வேற யாரு செய்வாங்க?" கேட்டவர்கள் மெக்கானிக்கை மரியாதையாகப் பார்த்தார்கள்.

இதற்கிடையே வேலைக்குப் பஞ்சமில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரிட்ஜ் அழுகிக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் ஊறிய பிரிட்ஜை வீட்டுக்குள் திறக்கவே கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். கதவோடு சேர்த்துக் கயிறு கட்டி, மூடினபடியே தூக்கி, வெட்டவெளிக்குக் கொண்டுபோய்த் திறக்க வேண்டும். யார் கேட்டார்கள்? ஒரு வீட்டம்மா பிரீசருக்குள் பட்டாணிப் பைக்கு அடியில் வளையல் வைத்திருந்தாளாம். இப்போதே, இங்கேயே திறந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொருவர், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு நன்றாகத்தான் இருந்தார், "மீன் மட்டும் இன்னும் ஜில்லுன்னு இருக்க மாதிரி தெரியுது, பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். வெள்ளம் வந்து அப்போது ஒன்பது நாள்.

அந்த மீனைப் பற்றிக் கேட்டவர் வீட்டில்தான் அது நடந்தது. மெக்கானிக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு கறுப்புத் தண்ணீர் அவர் பாதத்தில் கொட்டியது. வழக்கமாக இதெல்லாம் அவருக்குப் பச்சைத்தண்ணீர். அன்று குடல் வாய்க்கு வந்தது. வாசலுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்த டீ வரைக்கும் வாந்தி எடுத்தார். எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், "அடடே, மூக்கில்லாதவருக்கு மூக்கு முளைச்சிடுச்சுடோய்!" என்று கைகொட்டினார்கள். சேற்றில் நின்றுகொண்டு சிரிக்கிற அந்த முகங்களைப் பார்க்க அவருக்கு இன்னொரு தடவை குமட்டியது. அதன்பிறகு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், தட்டை நோக்கிப் போகிற தன் வலது கையைப் பார்த்ததுமே பசி போய்விடும். அந்தக் கைதான் கட்டியது.

பதிமூன்றாம் நாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே வெள்ளம் ஏறவில்லை. மின்சாரம் திரும்பி வந்தபோது வோல்டேஜ் அடித்த அடியில் பிரிட்ஜ் போய்விட்டது. கதவைத் திறந்த மேடம் நாற்பது வயதுக்காரி. வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே தெரு முழுக்க நாறிக்கொண்டிருக்க, உள்ளே ரோஜா வாசனை ஸ்பிரே. அது பிண நாற்றத்தைவிட மோசமாக இருந்தது அவருக்கு.

சமையலறைக்குள் போனார். பிரிட்ஜ் கதவில் ஒரு நாயின் வண்ணப் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய நாய். படத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது இளம்பச்சை ரப்பர் துண்டு. ரப்பரின் முனையில் செம்புக் கம்பி, ஐந்து சுற்று.

அவர் கையிலிருந்த டெஸ்டர் கீழே விழுந்தது.

"அழகா இருக்கானில்ல? மிராக்கிள்னு பேர் வெச்சிருக்கேன்" என்றாள் மேடம். "வெள்ளத்துல நான் காப்பாத்தினவன். இப்ப ஊருக்கே தெரியும் அவனை. நீங்க பார்க்கலையா? இருங்க, காட்டறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் போனை மூக்குக்கு நேராக நீட்டினாள். இரண்டாம் நாள் தொண்டு நிறுவனத்துப் படகொன்று பிஸ்கட் கொடுக்கப் போனதாம், இவளும் கூடப் போனாளாம். வீடியோவில் முதலில் இவள் முகம் வந்தது. பிறகு தண்ணீர். தண்ணீருக்கு மேல் ஒரு நாயின் மூக்கு. கயிறு கீழே இழுக்க, பின்னங்கால்களில் எம்பி எம்பி நின்று, வாயைத் திறந்து குரைக்கிறது. சத்தம் வரவில்லை, தொண்டை போய்விட்டிருந்தது. அப்புறம் ஒரு கை கத்தியோடு வருகிறது. கேமரா முடிச்சுக்குக் கிட்டே போய் நிற்கிறது. இரண்டு சுற்று, ஒரு மடக்கு. "எந்த மிருகம் இப்படிக் கட்டிப்போட்டுட்டுப் போச்சு?" என்று பின்னணியில் மேடத்தின் குரல் நடுங்குகிறது. நல்ல குரல், நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது.

"கீழ என்ன எழுதியிருக்காங்க பாருங்க" என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "கட்டினவனைக் கட்டித் தொங்கவிடணும்னு ஒருத்தர். கை அழுகிப் போகணும்னு ஒருத்தர். இதோ, இது நல்லா இருக்கு பாருங்க..." ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். தின்பண்டம் பரிமாறுகிற முகம்.

அந்த நேரம் மூடியிருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் உறுமல் கேட்டது. கொஞ்ச நேரம் உறுமி, சட்டென்று நின்றது. பிறகு கதவைப் பிறாண்டுகிற சத்தம்.

"ஆள் வந்தா இப்படித்தான். பயம். அந்தக் கொடூரன் பண்ணினது" என்றாள் மேடம்.

'அது எங்க நாய்ங்க.' மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். "ரிலே போயிருக்கு மேடம். சாயங்காலம் கொண்டாந்து போடறேன்" என்று சொல்லிவிட்டு டெஸ்டரைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். படியில் இறங்க இறங்க, பிறாண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். சே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அரை நாள் விடுப்பில் வந்திருந்த மனைவி கிண்ணத்திலிருந்து எறும்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதியைச் சொன்னார்.

"நாய் கிடைச்சிடுச்சும்மா. ஒரு அடுக்குமாடி வீட்ல இருக்கு. பட்டையைப் பார்த்தேன், குரலையும் கேட்டேன்."

கிண்ணம் உருண்டது. "கேட்டுட்டுச் சும்மாவா வந்தீங்க? தூக்கிட்டு வரவேண்டியதுதானே!" என்று கத்தினாள், அழுதாள், அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "நான்தான் சொன்னேன்ல? நீங்க அவுத்து விட்டதாலதான் பொழைச்சுது. நீங்க மட்டும் கட்டிப்போட்டிருந்தா?"

அந்தக் கட்டடத்துக்கு நடந்துபோக இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷத்தில் அவர் சொல்லியிருக்கலாம். பேக்கரி வாசலில் வாயைத் திறந்தார்; அவள் நாய்க்குப் பிடித்த ரஸ்க் வாங்க உள்ளே ஓடிவிட்டாள். பாலத்தில் திறந்தார், அவளாகவே ஏதோ சொல்லிச் சிரித்தாள். கட்டடத்தின் கேட்டில் திறக்கவே இல்லை. கோழைக்கு எப்போதும் அடுத்த முக்கு ஒன்று இருக்கும்.

மேடம் கதவைத் திறந்ததும், ஒருக்களித்திருந்த குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நாய் பாய்ந்து வந்தது. மனைவி மேல் ஏறி, மூஞ்சியை நக்கி, தரையெல்லாம் நனைத்துவிட்டது. ஷாம்பு மணக்கிற அந்த உடம்பைக் கட்டிக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஈரத் தரையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"சரி, உங்க நாய்தான். அதுல சந்தேகமில்ல" என்றாள். "ஆனா எனக்கு ஒரு பதில் வேணும். கட்டிப்போட்டது யாரு?"

"கட்டினதா?" மனைவி நிமிர்ந்தாள். "நாங்க கட்டவே இல்லியே மேடம். எங்க வீட்டுக்காரர் அவுத்து விட்டுட்டுத்தான் வந்தார்."

மேடம் போனை நீட்டினாள். மனைவி பார்த்தாள். தண்ணீருக்கு மேல் மூக்கு தெரிந்த இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றார். தொட்டி எங்களுடையது என்று அவள் கண்டுகொள்வாள், அடுத்த நொடி தன் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தார்.

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "பார்த்தீங்களாங்க? அந்த டி.வி.க்காரன் வீட்டு வேலை இது. அவனும் அவன் மச்சானும் அன்னிக்கே ஒரு படகுல திரும்பி வந்து சாமான் எடுத்துட்டுப் போனாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்கல்ல? சுவர் தாண்டி வந்திருக்கான். தன் சாமான் கிட்டப் போகக் கூடாதுன்னு கட்டிப்போட்டிருக்கான், பாவி!"

"யாரு அவன்? போட்டோ இருக்கா?" மேடத்தின் குரலில் உயிர் வந்தது. "குடுங்க. இன்னிக்கே போடறேன். ஊரே தேடிட்டு இருக்கு அவனை."

"இருக்கு மேடம். பொங்கலுக்குத் தெருவுல எடுத்த போட்டோவுல நிக்கிறான்." மனைவி தன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.

மெக்கானிக் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நாய் கிடைத்துவிட்டது. மனைவி நம்பியது நம்பியபடி இருக்கும். டி.வி.க்காரர் ஒன்றும் உத்தமரில்லை. கல்யாண நாளில்கூட அவர்கள் கொடியில் ஈர ஜட்டி காயப்போட்ட ஆள். நாலு பேர் திட்டினால் தேய்ந்தா போவார்? ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், மெக்கானிக் இப்படித்தான் நினைத்தார். அதை மறைத்துச் சொல்லி அவரை நல்லவராக்க வேண்டியதில்லை.

நாய் மனைவியின் மடியிலிருந்து இறங்கி அவரிடம் வந்தது. காலையில் யார் வீட்டிலோ அழுகல் பிரிட்ஜைக் கழுவிய கையை முகர்ந்து, விரல் விரலாக நக்கியது. வால் அப்படி ஆடியது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மீன் அழுகிய தண்ணீரில் நின்றபோதுகூட இப்படிக் கூசவில்லை.

"போட்டோ வேணாம்மா" என்றார். "கட்டினது நான்தான்."

மனைவி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சும்மா இருங்க. அந்த ஆளுக்குப் போய்ப் பரிஞ்சு பேசிட்டு. பெருந்தன்மைக்கும் ஒரு அளவு இருக்கு."

"பெருந்தன்மை இல்ல. நான்தான். ரெண்டு சுத்து, ஒரு மடக்கு. பிரிட்ஜ் கட்டற முடிச்சு. தளர்வு விடல. விட்டா சரக்கு ஆடும்னு..." கயிற்றை இழுத்து இறுக்குவதுபோல் கையை இழுத்துக் காட்டினார். "ஓடிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் வந்துடலாம்னு நினைச்சேன். உன்கிட்ட அவுத்து விட்டேன்னு சொன்னது பொய்."

அவள் எழுந்தாள். மேடத்தின் கையிலிருந்து போனை வாங்கினாள். வீடியோவை ஓடவிட்டு, முடிச்சு வந்த இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். லென்ஸில் கீறல் தேடுகிற பார்வை. அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு அதே பார்வையைத் தூக்கி அவர் முகத்தில் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பிரிட்ஜின் பின்தட்டை முதல்தடவை பார்க்கிற வீட்டம்மாக்களின் முகத்தில் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

மேடத்துக்குக் கை பரபரத்தது. போனைத் திரும்ப வாங்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இப்ப சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க. கேமராவைப் பார்த்து."

மனைவி போனின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். "வேணாம் மேடம். அதைக் காப்பாத்தினீங்க, சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இது வேணாம். ஊரு நாலு நாள் திட்டிட்டு மறந்துடும். இவர் எங்கூடத்தான் இருக்கணும்."

"கட்டிப்போட்டவர் வீட்டுக்கே எப்படிங்க அனுப்பறது?"

"நாய் என்னுது. இவருது இல்ல" என்றாள்.

மேடம் பிரிட்ஜ் கதவிலிருந்த பட்டையை உருவி எடுத்துக் கொடுத்தாள். படம் தரையில் விழுந்தது. மனைவி அதைக் குனிந்து எடுத்து மேஜை மேல் நேராக வைத்தாள்.

இத்தனைக்கும் நாய் மெக்கானிக்கின் காலடியில்தான் கிடந்தது. அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, ஒரு காது நிற்க ஒரு காது விழ, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அதில் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. வெட்கங்கெட்ட நம்பிக்கைதான்.

"பாரேன்" என்றார் மெல்ல. "அது என்கிட்டதான் வந்து படுத்திருக்கு. அது ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

மனைவி குனிந்து, அவர் கால் தன் மேல் பட்டுவிடாமல் பார்த்து, நாயை மட்டும் வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கு அஞ்சறிவுங்க" என்றாள். "எனக்கு ஆறு."